உறவு தானாக வளராது

கொல்கத்தாவின் ஆலயங்களில் சில ஆண்டுகளாக ஓர் அழைப்பு ஓயாமல் ஒலிக்கிறது: 'ஆழமான உறவுகளைக் கட்டியெழுப்புவோம்.' இதற்கெனச் சிறுகுழுக்கள் அமைக்கப்படுகின்றன. ஆராதனை முடிந்ததும் தேநீர், மாதம் ஒருமுறை வீட்டுக்கூட்டம், ஆண்டுக்கொருமுறை முகாம், இவற்றையெல்லாம் இணைக்க ஒரு வாட்ஸ்அப் குழு. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஊரைவிட்டு வந்து தனியறையில் வாழும் ஆய்வு மாணவருக்கும், துணையை இழந்த முதியவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது வாரத்தின் ஒரே மனித முகமாக இருக்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தின் அடியிலும் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: மனிதர்களை ஓரிடத்தில் அடிக்கடி கூட்டிவைத்தால் உறவு தானாக வளர்ந்துவிடும் என்பது. இந்த நம்பிக்கையை மறுப்பதற்காகவே இந்தப் பதிவு. இந்தியத் திருச்சபையில் தானாக வளர்பவை மூன்று: சாதி, வர்க்கம், மொழிக்கட்டு. இவற்றுக்குக் குறுக்கே செல்லும் எந்த உறவும் இங்கே தானாக முளைத்ததில்லை. முளைத்த இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் மனமறிந்து, நாள் குறித்து, விலை கொடுத்து அதை நட்டிருக்கிறார். அந்த விலையைப் பேசாத உறவுப் பேச்சு, இருக்கும் பிரிவுகளின் மேல் ஊற்றப்படும் தேநீர்தான்.

மொழியியல் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் 'வேண்டுமென்றே' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றே காலை மிதித்தான், வேண்டுமென்றே அழைக்காமல் விட்டார்கள், வேண்டுமென்றே தாமதித்தாள். அன்றாட வழக்கில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் தீங்கே வருகிறது. 'வேண்டுமென்றே நேசித்தான்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அந்த நேசத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று பொருள்படும். அன்பு என்றால் இயல்பாக வரவேண்டும், திட்டமிட்டு வருவது பொய் என்ற எண்ணம் நம் சொல்வழக்கிலேயே உறைந்திருக்கிறது. ஆகவேதான் 'மனமறிந்து உறவை அமைப்போம்' என்று ஒருவர் சொன்னால் நம் சபைகளில் பாதிப்பேர் அதைச் செயற்கை என்கிறார்கள். மீதிப்பேர் அதை ஒரு நிகழ்ச்சிநிரலாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சொல் 'பங்கு'. தமிழ்க் கத்தோலிக்கர் ஓர் ஆயரின் கீழுள்ள வட்டாரச் சபையைப் 'பங்கு' என்கிறார்கள். அதன் குரு பங்குத்தந்தை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சபையுறவைக் குறிக்கும் 'கொய்னோனியா' என்ற சொல்லுக்கும் இதுவே அடிப்பொருள்: ஒன்றில் பலருக்குப் பங்கு இருப்பது. அதே வேரிலிருந்து வரும் சொல் மீன்பிடித் தொழிலின் கூட்டாளிகளைக் குறிக்கவும், அதே சொல் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைக் குறிக்கவும் புதிய ஏற்பாட்டில் வருகிறது. நம் சீர்திருத்தச் சபைகளின் தமிழில் அது 'ஐக்கியம்' ஆயிற்று. ஐக்கியம் ஒரு நிலையைச் சொல்கிறது. 'நாம் ஒன்றாக இருக்கிறோம்' என்று அறிவித்தால் போதும். பங்கு கணக்குக் கேட்கிறது: எதில் பங்கு, எவ்வளவு, இழப்பு வந்தால் யாருக்கு?

அந்தச் சொல்லிலிருந்துதான் 'பங்காளி' வருகிறான். நம் ஊர்களில் பங்காளியோடு பாசம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் வழக்கே இருக்கும். ஆனால் சாவு விழுந்தால் அவன் வந்தாக வேண்டும், தீட்டு அவனுக்கும் உண்டு. உறவை மனநெகிழ்ச்சியால் அளக்காமல், சொத்தாலும் சாவாலும் அளக்கும் சொல் அது. சாதிக்குள்ளேயே நிற்கும் அந்தப் பங்காளி உறவைச் சபைக்கு முன்மாதிரியாக வைக்கவில்லை. அதன் அளவுகோலை மட்டும் கடன் வாங்குகிறேன். சபையுறவு உண்மையா என்று அறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: பந்தி, திருமண ஓலை, சவப்பெட்டி. யாரோடு உண்கிறோம், யாரோடு கொள்வினை கொடுப்பினை வைக்கிறோம், யாருடைய பெட்டிக்குத் தோள் கொடுக்கிறோம்.

இந்த மூன்று சோதனைகளையும் இந்தியச் சபையொன்று மூன்றே ஆண்டுகளில் எதிர்கொண்ட வரலாறு கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஊர் செராம்பூர். நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் அன்று டேனியர் குடியேற்றம். இரண்டையும் 1845-இல் ஆங்கிலேயர் ஒரே பேரத்தில் வாங்கினர். வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1800-இல் அங்கே ஒரே குடும்பமாகக் குடியேறினார்கள்.

கிருஷ்ண பால் ஒரு தச்சர். கை மூட்டு விலகியதால் மருத்துவம் தேடி மிஷனரிகளிடம் வந்தவர். 1800 டிசம்பர் 22 அன்று அவரும் அவர் நண்பர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆறு நாள் முன்னதாக நடந்தது இது. வரிசையைக் கவனியுங்கள்: தண்ணீருக்கு முன்னால் சோறு. ஊரார் கொதித்தெழுந்ததும் அந்தச் சோற்றுக்காகத்தான். கூட்டம் திரண்டு அவரையும் குடும்பத்தையும் நீதிபதிமுன் இழுத்துச் சென்றது. டிசம்பர் 28 அன்று அவர் ஹூக்ளியில் ஞானஸ்நானம் பெற்றார்.

அடுத்தது ஓலை. 1803-இல் கிருஷ்ண பாலின் மகளைக் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமணக் கிறிஸ்தவர் மணந்தார். பிராமண மணமகனும் தச்சர் மகளும். அந்நாளைய வங்கத்தில் இதை இயல்பு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. தமிழில் நாம் தீங்குக்கே ஒதுக்கிவைத்திருக்கும் அந்தச் சொல்லை இங்கே நல்ல பொருளில் வைக்கலாம்: அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

மூன்றாவது சவப்பெட்டி. அதே ஆண்டு அக்டோபரில் கோகுல் இறந்தார். அந்தச் சபையின் இந்திய விசுவாசிகளில் முதல் சாவு. அதுவரை கிறிஸ்தவப் பிணங்களைச் சுமப்பது அங்கே கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைப் போர்த்துகீசியரின் வேலை. பிணத்தைத் தொடுவது யாருடைய சாதியையும் கெடுக்கும் என்பதால் கூலிக்காரரிடம் விட்டுவிடுவது எல்லாருக்கும் வசதி. இம்முறை அந்த வசதியைக் கைவிட்டார்கள். மார்ஷ்மன், கேரியின் மகன் பீலிக்ஸ், பிராமணராய்ப் பிறந்த பைரவ், இஸ்லாமியராய்ப் பிறந்த பீரு ஆகிய நால்வர் பெட்டியைத் தோளில் ஏற்றித் தெருவழியே நடந்தார்கள். எந்த மறைபரப்பு உரையும் சொல்ல முடியாததை அந்தத் தெரு அன்று கண்ணால் பார்த்தது.

அந்த மிஷனரிக் குடும்பத்துக்கு உள்ளேயும் இதே மனமறிந்த தன்மை இருந்தது. கேரியின் கல்லூரிச் சம்பளம், மார்ஷ்மன் தம்பதியரின் பள்ளி வருமானம், வார்டின் அச்சக வருமானம் மூன்றும் ஒரே பொதுப்பணத்தில் சேர்ந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு படி மட்டுமே. சனிக்கிழமை மாலை ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது: அந்த வாரத்தில் ஒருவருக்கொருவர் ஏற்பட்ட மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, அன்பில் நிலைத்திருப்பதாக உறுதி சொல்வது. மனத்தாங்கல் வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு நேரம் ஒதுக்கிய கூட்டம் அது. நம்முடைய எந்தச் சபை நாள்காட்டியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது?

செராம்பூரைப் புனிதமாக்கவும் நான் வரவில்லை. பொதுப்பணம் மிஷனரிக் குடும்பங்களுக்குரியது. வங்காளி விசுவாசிகள் அதில் பங்காளிகளாக இல்லை, சம்பளம் பெறும் உதவியாளர்களாகவே இருந்தார்கள். பந்தியில் சமம், பணப்பெட்டியில் சமமில்லை. பின்னால் வந்த இளைய மிஷனரிகள் பிரிந்து கொல்கத்தாவில் தனியே பணி தொடங்கினார்கள். சொத்து யார் கையில் இருப்பது என்ற பிணக்கு முற்றி, 1827-இல் செராம்பூர் தன் தாய்ச் சங்கத்திலிருந்தே பிரிந்தது. அளவுகோல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை: எதில் பங்கு கொடுத்தார்களோ அதில் உறவு நின்றது, எதில் கொடுக்கவில்லையோ அதில் விரிசல் விட்டது.

இந்தக் கதையின் எதிர்முனையும் கொல்கத்தாவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அது நம் ஊரில் போய் முடிகிறது. 1833-இல் கொல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயராக இருந்தவர் டேனியல் வில்சன். தமிழகத்து ஆங்கிலிக்கச் சபைகளும் அன்று அவர் ஆட்சிக்குள் இருந்தன. சாதிக்கொரு இருக்கை, திருவிருந்தில் சாதிக்கொரு வரிசை என்று அச்சபைகள் நடப்பதை அறிந்து, சாதி வேற்றுமையை முற்றாக, உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. விளைவு? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் திரளாக வெளியேறினார்கள்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே இந்தப் போரில் இறங்கியிருந்தார். புதிதாக வந்த மிஷனரிகள் இழைத்த கொடுமைகள் என்று அவர் தரப்பு அடுக்கிய முறையீடுகளில் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, விழாக்களில் பூவை விலக்கியது, தமிழ்ப் பாடல்களை ஒதுக்கியது ஆகியவற்றோடு சாதிகளைக் கலந்தமரச் செய்ததும் ஒன்றாக நிற்கிறது. முதல் மூன்றில் நான் அவர் பக்கம் நிற்பேன். ஒரு மொழியின் வழிபாட்டு மரபை அந்நியர் ஒருவர் கத்தரிப்பதை எந்த மொழியியலாளரும் ஏற்கமாட்டார். ஆனால் நான்காவதை முதல் மூன்றோடு ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் தந்திரம் இருக்கிறது: பூவும் பாட்டும் பண்பாடு என்றால் தனி இருக்கையும் பண்பாடுதான் என்ற வாதம். இன்றுவரை நம் சபைகள் இந்த மூட்டையை அவிழ்க்கவில்லை.

இரு வரலாறுகளையும் அருகருகே வையுங்கள். செராம்பூரில் சொன்னவர்களே உட்கார்ந்தார்கள், சுமந்தார்கள். 1833-இல் ஒருவர் தொலைவிலிருந்து எழுதினார். சுமக்க வேண்டியவர்கள் வேறொருவர். செராம்பூரின் சபை சிறியது, புதியது. தஞ்சையில் நூறாண்டுப் பழக்கம் கெட்டிப்பட்டிருந்தது என்ற வேறுபாட்டை மறுக்கவில்லை. ஆயினும் பாடம் தெளிவு: உறவைச் சுற்றறிக்கையால் உண்டாக்க முடியாது, தானாக வளரவும் விடமுடியாது. அதை முன்மொழிபவரின் தோள் முதலில் அதன் அடியில் இருக்க வேண்டும். சிறுகுழுத் திட்டமும் முகாம் அட்டவணையும், இனிய குரலில் எழுதப்பட்ட சுற்றறிக்கைகளே.

'இதெல்லாம் பழங்கதை' என்பவர்களுக்காகச் சிலவற்றை நினைவூட்டுகிறேன். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிகள் தனித்தனியே அமர்வதற்கென்றே இரு கைகளாகப் பிரித்து ஓர் ஆலயம் கட்டப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவருக்கு எதிராக நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் இறுதி ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் பாகுபாடு கண்ட தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் மூண்டு காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். அங்கே அவர்கள் கேட்ட சொல்லைக் கவனியுங்கள்: தனிப் 'பங்கு'. இருந்த பங்கில் பங்கு கிடைக்காததால்.

கொல்கத்தாவில் சுவர் இல்லை என்பது உண்மை. இங்கே நேரம்தான் சுவர். ஒரே கட்டடத்தில் ஒரு மொழிக்குக் காலை, ஒரு மொழிக்கு நண்பகல், ஒரு மொழிக்கு மாலை. தாய்மொழியில் வழிபடுவது உரிமை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆங்கில ஆராதனைக்கு வரும் குடும்பமும், அக்குடும்பத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு மாலை ஆராதனைக்கு வரும் பெண்ணும் ஒரே சபையின் உறுப்பினர்களாக இருந்தும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததே இல்லை என்றால், அதை மொழி உரிமை என்று சொல்லலாகாது. வங்காளத்தின் 'ஆம்ரா' கேட்பவரைச் சேர்த்தும் பேசும், சேர்க்காமலும் பேசும், வடிவத்தில் வேறுபாடில்லை. தமிழ் நம்மைத் தப்பவிடாது: 'நாம்' என்றால் நீயும் உண்டு, 'நாங்கள்' என்றால் நீ இல்லை. அறிவிப்பில் 'நாம்' என்று வாசித்துவிட்டு, பந்தியிலும் ஓலையிலும் 'நாங்கள்' என்று வாழ்வதே நம் சபைத்தமிழின் இலக்கணப் பிழை. நாளிதழின் மணமக்கள் விளம்பரப் பக்கத்தைப் பிரித்தால் போதும்; கிறிஸ்து என்ற பெயருக்கு அடுத்த சொல்லாகச் சாதி அச்சாகியிருக்கும்.

எனக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு. 'ஆழமான உறவு என்ற பெயரில் சபை எங்கள் வாழ்க்கைக்குள் நுழைந்து வேவு பார்க்கிறது' என்பது. இதைப் பெரும்பாலும் பெண்களிடமிருந்து கேட்கிறேன். யாரோடு பேசினாய், ஏன் இன்னும் மணமாகவில்லை, என்ன உடுத்தினாய் என்ற விசாரணைகளை 'அக்கறை' என்று பொதிந்து தருவதை நானும் அறிவேன். சாதிமறுப்பு மணம் செய்யத் துணிந்த பெண்ணைச் 'சபையின் அன்பு' சூழ்ந்து நின்று தடுப்பதும் நடக்கிறது.

இதற்கு விடை உறவைக் குறைப்பதில் இல்லை. திசையைச் சரிசெய்வதில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் சபை வாழ்வு பற்றிய கட்டளைகள் பலவற்றில் ஒரு கிரேக்கச் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது: 'அல்லேலோன்', அதாவது ஒருவரையொருவர். மொழியியலில் இதைப் பரிமாற்றப் பொருள் என்கிறோம்: செய்பவரே செய்யப்படுபவரும் ஆகவேண்டும், இல்லையென்றால் வாக்கியம் பொய். போதகர் உறுப்பினரின் வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்கலாம், உறுப்பினர் போதகரிடம் கணக்குக் கேட்க முடியாது என்றால் அது ஒருதிசை வினை. அதற்கு உறவு என்று பெயரில்லை, கண்காணிப்பு என்றுதான் பெயர். உன்னைக் கேட்கும் ஒருவரை நீயும் கேட்க முடிகிறதா என்பதே சோதனை.

ஆகவே, முழக்கத்துக்குப் பதிலாக நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று, பந்தி. நெல்லை, குமரிப் பகுதிச் சபைகளில் 'அசனம்' என்றொரு நல்ல மரபு உண்டு. சபை முழுதும் சேர்ந்து உண்பது. கொல்கத்தாவின் பன்மொழிச் சபைகள் அதைக் கைக்கொள்ளட்டும். எல்லா ஆராதனைகளுக்கும் ஒரே நாள், ஒரே பந்தி, இருக்கையைக் குலுக்கலில் தீர்ப்பது. சமைப்பதும் பரிமாறுவதும் இலை எடுப்பதும் சபைக்குழுவினரின் முறை.

இரண்டு, ஓலை. சாதி கடந்த திருமண ஓலை வாசிக்கப்படும்போது குடும்பங்கள் எதிர்த்தால், அந்த இணையருக்குச் சபை வீடாக நிற்கும் என்று ஆயர் பீடத்திலிருந்தே சொல்லட்டும். அப்படிச் சொல்ல முடியாத ஆயர் உறவைப் பற்றிப் பிரசங்கிப்பதைச் சிறிது காலம் ஒத்திவைக்கலாம்.

மூன்று, பெட்டி. உறவினர் இல்லாத முதியவரோ, ஊர்விட்டு வந்த தொழிலாளியோ இறந்தால் வாடகை வண்டிக்கும் கூலியாளுக்கும் பணம் கட்டுவதோடு நிறுத்தாமல், தோள் கொடுக்கும் நால்வரின் பெயரைச் சபை முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். பட்டியலின் முதல் பெயர் ஆயருடையதாக இருக்கட்டும். கல்லறைப் பதிவேடு ஒன்றே, நிலமும் ஒன்றே.

நான்கு, சனிக்கிழமை. திருவிருந்துக்கு முந்தைய மாலை ஒரு மணிநேரம், மனத்தாங்கலைப் பேசுவதற்கென்றே. பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. சபையின் வரவுசெலவுக் கணக்கு மேசைமேல் திறந்து கிடக்கட்டும். பெரும்பாலான மனத்தாங்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

இவற்றில் எதுவும் இயல்பாக இருக்காது. முதல் பந்தியில் கை கூசும், முதல் சனிக்கிழமையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 1800 டிசம்பரில் கிருஷ்ண பாலுக்கும் கை கூசியிருக்கத்தான் வேண்டும். கூச்சம் உறவின் பொய்மைக்குச் சான்றாகாது. ஒரு பழைய பழக்கம் உடைகிறது என்பதற்கே சான்று.

மதச் சமூகங்களை ஆய்வு செய்யும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். 'சமூக மூலதனம்', 'இணக்கம்' என்ற கருத்தாக்கங்களைக் கொண்டு சபைகளை அளக்கும்போது கூட்டங்களின் எண்ணிக்கையையும் வருகைப் பதிவையும் எண்ணுகிறோம். அடுத்த முறை களத்துக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளையும் கேட்டு வாருங்கள்: இங்கே யார் யாரோடு உண்கிறார்கள், யார் யாரை மணக்கிறார்கள், யாருடைய பெட்டியை யார் சுமக்கிறார்கள்? மறுப்பிருந்தால் எழுதுங்கள், விவாதிப்போம். உங்கள் சபையில் இந்த மூன்றுக்கும் நல்ல விடை இருக்கிறது என்றால், அதையும் எழுதுங்கள். அதை எப்படி, யார், எந்த விலை கொடுத்துச் செய்தார்கள் என்று மற்றவர்கள் அறிய வேண்டும்.